வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி... (இரைப்பைப் பட்டையின் கதை)

"வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி மகனைப் படிக்க வைத்தார்" என்று ஊரில் சொல்வார்கள். சிக்கனத்துக்குச் சொல்கிற பேச்சு. ஆனால் இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் இதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து செய்து பார்த்தது என்றால் நம்ப முடிகிறதா? முதலில் வாயைக் கட்டியது. பிறகு இடுப்பைக் கட்டியது. கடைசியில் வயிற்றுக்குள்ளேயே போய் இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டியது. அந்தப் பட்டைக்குத்தான் கேஸ்ட்ரிக் பேண்ட் என்று பெயர். சந்தையில் பிரபலமான பெயர் லேப் பேண்ட்.

உடல் எடையைக் குறைக்க வந்த இந்தச் சின்ன சிலிகான் வளையம், சுமார் 20 ஆண்டுகள் உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்டது. இன்று பெரும்பாலான மருத்துவமனைகள் அதைப் போடுவதை விட்டுவிட்டன. நடுவில் என்ன நடந்தது? அதைப் போட்டுக்கொண்டவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள்? இதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வாயைக் கட்டிய காலம்

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் லியோன் என்றொரு ராஜ்ஜியம். அதன் மன்னன் முதலாம் சாஞ்சோ. "குண்டன் சாஞ்சோ" என்றே வரலாற்றில் பெயர். குதிரை ஏற முடியாத அளவுக்குப் பருமன் என்று சொல்லி 958-ல் அவனை அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவனுடைய பாட்டி, நவார் நாட்டு அரசி தோடா, பேரனை முஸ்லிம்கள் ஆண்ட கோர்டோபா நகருக்கு அழைத்துப் போனார். அங்கே கலீஃபாவின் அரண்மனையில் இருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் வைத்தியம் பார்த்தார். சாஞ்சோ இளைத்தான், படை உதவியோடு திரும்பிப் போய் அரியணையையும் பிடித்தான். வாயைத் தைத்துவிட்டு, சின்ன ஓட்டை வழியாகத் திரவம் மட்டும் கொடுத்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அதில் இருக்கும் எண்ணம் மட்டும் ஆயிரம் வருடம் கழித்தும் சாகவில்லை.

1970-களில் பிரிட்டனிலும் மற்ற சில நாடுகளிலும் மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டும் சிகிச்சை நடந்தது. தாடை எலும்பு முறிந்தால் பல் மருத்துவர்கள் செய்கிற அதே கட்டுதான். மெல்ல முடியாது. பாலும் சாறும்தான் சாப்பாடு. எடை நன்றாகவே குறைந்தது. ஆனால் கம்பியை எடுத்தவுடன் போன எடை திரும்பி வந்தது.

இதற்கு ஜான் காரோ என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் ஒரு வழி செய்தார். தாடைக் கம்பியை எடுக்கும்போது இடுப்பைச் சுற்றி ஒரு நைலான் கயிறு கட்டிவிட்டார். எடை ஏறினால் கயிறு இறுக்கும், ஆள் உஷாராகிவிடுவார். அரைஞாண் கயிறு கட்டிப் பழகிய நம்மவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது! 1981-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், கயிறு கட்டியவர்கள் கட்டாதவர்களைவிட எடையை நன்றாகத் தக்கவைத்திருந்தார்கள்.

இரண்டு விஷயம் இதில் தெரிகிறது. ஒன்று, எடையைக் குறைப்பதைவிடக் குறைந்த எடையைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இரண்டு, உடம்பிலேயே நிரந்தரமாக இருந்து "போதும்" என்று நினைவூட்டும் ஒரு பொருள் வேண்டும். இரைப்பைப் பட்டை இந்த இரண்டாவது எண்ணத்தின் வாரிசு.

குடலைச் சுருக்கிய காலம்

இதே காலத்தில் அறுவை மருத்துவர்கள் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். 1954-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலிய மருத்துவர்கள் சிறுகுடலின் மேல் பகுதியைக் கடைசிப் பகுதியோடு இணைத்துப் பார்த்தார்கள். நடுவில் உள்ள நீளமான குடல் வழியாக உணவு போகாது. சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. எடை குறைந்தது, ஆனால் விலை அதிகம். ஓயாத பேதி, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. 1980 வாக்கில் இந்த முறை கைவிடப்பட்டது.

1966-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் இரைப்பை பைபாஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகள் பிறகு எடை போடாமல் மெலிந்தே இருப்பதை மேசன் கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் பைபாஸ். கால்பந்து வீரர் மாரடோனா 2005-ல் கொலம்பியாவில் செய்துகொண்டது இந்த பைபாஸ் வகைதான்.

ஆனால் பைபாஸ் என்றால் வெட்டுதல், இணைத்தல், தையல் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து. எதையும் வெட்டாமல், குடலைத் தொடாமல், வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துவிடக்கூடிய ஒரு முறை கிடைக்காதா என்று தேடினார்கள்.

பட்டை பிறந்தது

1978-ல் வில்கின்சன், பெலோசோ என்ற இருவர் இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி 2 சென்டிமீட்டர் அகல வலைத் துணியைக் கட்டினார்கள். பிறகு மொலினா என்பவர் ஹூஸ்டனில் வேறு வகைத் துணிப் பட்டையைப் பயன்படுத்தினார். இரண்டிலும் ஒரே பிரச்சனை. ஒரு தடவை கட்டினால் கட்டியதுதான். இறுக்கமாகிவிட்டால் தண்ணீர்கூட இறங்காது, வாந்தி. தளர்வாகிவிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சரிசெய்ய வேண்டுமானால் மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் லுபோமிர் குஸ்மாக். உக்ரைன் வம்சாவளியைச் சேர்ந்தவர், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அறுவை மருத்துவர். 1983-ல் துணிக்குப் பதில் சிலிகான் பட்டையைப் போட ஆரம்பித்தார். 1986-ல் அந்தப் பட்டையின் உட்புறத்தில் ஒரு பலூனைச் சேர்த்தார். பலூனிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் தோலுக்கு அடியில் புதைத்த ஒரு சின்னப் பெட்டி. அதற்குப் போர்ட் என்று பெயர். வெளியிலிருந்து ஊசி போட்டு உப்புநீரை ஏற்றினால் பலூன் வீங்கிப் பட்டை இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். அவ்வளவுதான். ஆபரேஷன் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். ஏறக்குறைய அதே நேரத்தில், 1985-ல், ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் ஆகியோரும் இதே போன்ற ஒரு பட்டையைத் தனியாக உருவாக்கினார்கள்.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் மிதிகு பெலாச்சு. எத்தியோப்பியாவில் பிறந்து, சின்ன வயதில் ஆடு மாடு மேய்த்தவர். படிப்புக்காக பெல்ஜியம் போய் அங்கேயே அறுவை மருத்துவர் ஆனார். 1993 செப்டம்பர் 1-ஆம் தேதி பெல்ஜியத்தின் உய் என்ற ஊரில், வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாக லேப்ராஸ்கோப் கருவியால் சரிசெய்யக்கூடிய பட்டையை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். "லேப்" என்ற முன்னொட்டு இந்த லேப்ராஸ்கோப்பிலிருந்து வந்ததுதான். பெரிய கீறல் இல்லை, ஓரிரு நாளில் வீடு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டை வேகமாகப் பரவியது. மெல்போர்னில் பால் ஓ'பிரையன் 1994-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருத்தினார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2001 ஜூனில் அனுமதி கொடுத்தது.

மேலே ஒரு கரண்டி இடம்

பட்டை வேலை செய்யும் விதம் எளிது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வளையத்தை மாட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே சுமார் 15 மில்லி பிடிக்கும் ஒரு குட்டிப் பை உருவாகிறது, அதாவது ஒரு மேஜைக்கரண்டி அளவு. கீழே மற்ற இரைப்பை முழுசாக அப்படியே இருக்கிறது. மணல் கடிகாரத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லோரும் சொன்ன விளக்கம் இதுதான்: குட்டிப் பை சீக்கிரம் நிரம்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடியும், அதனால் குறைவாகச் சாப்பிடுவார்கள். நோயாளிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். பையை நிரப்பு, நிறுத்து, காத்திரு.

பிறகு ஓ'பிரையன் குழு ஆராய்ந்து பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. சரியாகப் பொருத்திய பட்டையில் உணவு மேலே தேங்கி நிற்பதில்லை. உணவுக்குழாய் பல தடவை அழுத்தி ஒவ்வொரு கவளத்தையும் பட்டை வழியாகக் கீழே தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளும்போது பட்டை அந்த இடத்து நரம்பு முனைகளை அழுத்துகிறது, மூளைக்குப் "போதும்" என்ற செய்தி போகிறது. அப்படியானால் பட்டையின் வேலை உணவைத் தடுப்பது அல்ல, பசியை ஆற்றுவது. உணவு மேலே தேங்கினால் பை விரியும், பட்டை நகரும். பையை நிரப்பச் சொன்ன பழைய அறிவுரை, பட்டையைக் கெடுக்கும் அறிவுரை ஆகிவிட்டது!

மறுபடி சாப்பிடக் கற்றுக்கொள்வது

ஆபரேஷனுக்கு முன்பே பாடம் தொடங்கிவிடும். பருமனானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது இரைப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் போலக் குறைந்த கலோரி உணவு, பெரும்பாலும் பொடியைக் கரைத்துக் குடிக்கும் பானங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். பிறகு கூழ் போல அரைத்தது. பிறகு மிருதுவானது. ஐந்தாறு வாரம் ஆன பிறகே சாதாரண உணவு. குழந்தைக்கு அன்னப்பிராசனம் செய்த கதைதான், வயது மட்டும் நாற்பது!

பட்டை நிலைபெறும் வரை உப்புநீர் ஏற்றமாட்டார்கள். முதல் ஊசி நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. அதற்குப் பிறகும் ஒரே தடவையில் சரியான இறுக்கம் கிடைக்காது. அரை மில்லி, கால் மில்லி என்று கூட்டிக் கூட்டிப் பல மாதம் ஆகும். இந்த இடைக்காலத்தில் பட்டை இருக்கும், ஆனால் பசியும் அப்படியே இருக்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் பட்டை போட்டவர்கள் இந்தக் காலத்துக்கு வைத்த பெயர் "பட்டைக்காரர் நரகம்". ஆபரேஷனும் செய்து, காசும் செலவழித்து, எடை மட்டும் இறங்காமல் நிற்கும்போது பலர் மனம் உடைந்துபோனார்கள்.

மருத்துவர்கள் மூன்று நிறத்தில் அட்டவணை வைத்திருந்தார்கள். மஞ்சள் என்றால் பசிக்கிறது, தளர்வாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். பச்சை என்றால் கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்று இருக்கிறது, விட்டுவிடலாம். சிவப்பு என்றால் சிக்குகிறது, வாந்தி வருகிறது, இரவில் இருமல், நெஞ்செரிச்சல், எடுக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஒரே பட்டை காலையில் இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் இருக்கும். மனக்கவலை இருந்தால் இறுகும். பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இறுகும். உடம்பு மரப்பெட்டி அல்லவே.

தட்டில் என்ன மாறியது?

ஒரு வேளைக்கு அரைக் கப் அளவு. சின்னத் தட்டு, சின்ன முள்கரண்டி. ஒரு வாய் எடுத்து, கூழாகும் வரை மென்று, விழுங்கி, ஒரு நிமிடம் போலக் காத்திருந்து அடுத்த வாய். 20 நிமிடம், அதிகபட்சம் அரைமணி. பசி அடங்கியதும் தட்டில் மிச்சம் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். "தட்டைக் காலி பண்ணு" என்று அம்மா சொல்லி வளர்ந்தவர்களுக்கு, அது எந்த நாடாக இருந்தாலும், இதுதான் கஷ்டமான பாடம். முதலில் புரதம், பிறகு காய்கறி, இடம் இருந்தால் மாவுச்சத்து. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. கேஸ் நிறைந்த குளிர்பானம் கூடாது.

சில உணவுகள் எதிரிகள் ஆகிவிட்டன. புது பிரெட் மெல்லும்போது பசை உருண்டையாகி அடைக்கும். காய்ந்துபோன கோழி நெஞ்சுக்கறி, மாட்டிறைச்சித் துண்டு, நார் நிறைந்த காய்கள், ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோல் எல்லாம் சிக்கும். சோறும் பாஸ்தாவும் பலருக்கு இறங்காது. அதே பிரெட்டை மொறுமொறுவென்று டோஸ்ட் செய்தால் சிலருக்கு இறங்கும்! யாருக்கு எது இறங்கும் என்று அவரவரே சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிக்கிக்கொண்டால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்தது போல வலி. வாயில் கெட்டியான எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கடைசியில் சிக்கிய கவளம் மேலே வந்தால்தான் நிம்மதி. இதற்கெல்லாம் பட்டைக்காரர்கள் தனிச் சொற்களே வைத்திருந்தார்கள். கல்யாண விருந்திலோ அலுவலக மதிய உணவிலோ இது வந்துவிட்டால் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து கழிப்பறைக்கு ஓட வேண்டியதுதான். இதனாலேயே வெளியில் சாப்பிடுவதை விட்டவர்கள் உண்டு. சில மருத்துவமனைகள் "இவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, சிறுவர் அளவு உணவு கொடுத்து உதவவும்" என்று உணவகத்தில் காட்ட அட்டைகூடக் கொடுத்தன.

இதில் ஒரு பெரிய பொறி இருந்தது. கோழிக்கறி இறங்காது, ஆனால் ஐஸ்கிரீம் இறங்கும். காய்கறி சிக்கும், சாக்லேட் உருகி ஓடிவிடும். மில்க் ஷேக்குக்குப் பட்டை ஒரு தடையே இல்லை. நல்ல உணவு வலி தருகிறது, கெட்ட உணவு சுகமாக இறங்குகிறது என்றால் மனிதர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? பட்டை அதிகமாக இறுகியவர்களே இப்படி மிருதுவான கலோரிக்குத் திரும்பினார்கள். எடை குறையவில்லை என்று மருத்துவரிடம் போனால், இன்னும் இறுக்கினார்கள். இறுக்க இறுக்க ஐஸ்கிரீம் அதிகமானது. தளர்த்தியிருக்க வேண்டிய இடத்தில் இறுக்கியதுதான் பல தோல்விகளின் ஆரம்பம்.

"சுலப வழி" என்ற பழி

இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு வெளியில் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? "சோம்பேறிகள், குறுக்கு வழியில் இளைத்தவர்கள்."

பிரிட்டனின் பிரபல தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஃபெர்ன் பிரிட்டன் நன்றாக இளைத்தபோது, உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும்தான் காரணம் என்று ஊர் நினைத்தது. 2008-ல் அவர் பட்டை போட்டுக்கொண்ட விஷயம் வெளியே வந்தது. உடனே "ஏமாற்றிவிட்டார்" என்று பத்திரிகைகளில் ஒரே ரகளை. ஒரு பெண் தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நாட்டுக்கே கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2013 பிப்ரவரியில் மருத்துவமனையில் வேறு பெயரில் சேர்ந்து, ரகசியமாகப் பட்டை போட்டுக்கொண்டார். மே மாதம்தான் விஷயம் வெளியானது. ஐம்பது வயது ஆகிவிட்டது, மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் நினைத்தே செய்தேன் என்று விளக்கம் சொன்னார். இதய ஆபரேஷனுக்கு யாராவது பொய்ப் பெயரில் போவார்களா? பருமன் என்பது நோயாகப் பார்க்கப்படாமல் குற்றமாகப் பார்க்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உச்சமும் சரிவும்

உச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2008-ல் ஜான் டிக்சனும் ஓ'பிரையனும் மற்றவர்களும் மெல்போர்ன் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். சமீபத்தில் சர்க்கரை நோய் வந்த 60 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பட்டை, மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டு வருடம் கழித்து, பட்டை போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்றவர்களில் 13 சதவீதம்தான். 2011 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. விதியைத் தளர்த்தியது. அதுவரை பி.எம்.ஐ. 40, அல்லது கூடவே நோய் இருந்தால் 35 என்று இருந்த எல்லை, நோய் உள்ளவர்களுக்கு 30 ஆனது. அந்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த சுமார் 1,58,000 எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பட்டைதான்.

கூடவே வியாபாரமும் வந்தது. தெற்கு கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் "இளைக்க வேண்டுமா, போன் போடுங்கள்" பாணி விளம்பரப் பலகைகள். ஆபத்துகளைச் சரியாகச் சொல்லாத விளம்பரம் என்று 2011 டிசம்பரில் எஃப்.டி.ஏ. சில ஆபரேஷன் மையங்களுக்கும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

அதே 2011-ல் பட்டையின் தாய்வீடான பெல்ஜியத்திலிருந்து ஓர் இடி விழுந்தது. ழாக் ஹிம்பென்ஸ் குழு, 1990-களின் நடுவில் பட்டை போட்ட 151 பேரைத் தேடிப் போனது. 82 பேரைச் சோதிக்க முடிந்தது. 12 வருடத்துக்கும் மேல் ஆன நிலையில், ஏறக்குறைய பாதிப் பேரின் பட்டையை எடுக்க வேண்டியிருந்தது. மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட, பட்டை இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது.

மெல்போர்ன் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2013-ல் ஓ'பிரையன் குழு 15 வருட அனுபவத்தை வெளியிட்டது. 3,227 நோயாளிகள். கூடுதல் எடையில் சராசரி 47 சதவீதம் குறைந்து, குறைந்தபடியே நின்றிருந்தது. கூடுதல் எடை என்பது, இருக்க வேண்டியதற்கு மேல் உள்ள எடை. 70 கிலோ இருக்க வேண்டியவர் 120 கிலோ இருந்தால் கூடுதல் 50 கிலோ. அதில் பாதி அளவு போனது என்று அர்த்தம். பட்டையை எடுத்தவர்கள் 5.6 சதவீதம்தான். ஆனால் அங்கேயும் பலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது.

ஒரே பொருள், இரண்டு ஊர், இரண்டு முடிவு. ஏன்? பொருத்தும் முறை காலப்போக்கில் மாறியது ஒரு காரணம். இன்னொன்று, மெல்போர்னில் நோயாளியை விடாமல் வரவழைத்து, பேசி, அரை மில்லி ஏற்றி, கால் மில்லி எடுத்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். பட்டை என்பது ஒருநாள் ஆபரேஷன் அல்ல, ஆயுள் முழுக்கப் பராமரிப்பு. கிணற்றுக்கு மோட்டார் போட்டால் போதுமா, ஆள் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

அந்தப் பராமரிப்பு பெரும்பாலான இடங்களில் கிடைக்கவில்லை. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் 2006 முதல் 2013 வரை பட்டை போட்ட 25,042 பேரைப் பார்த்தது. 18.5 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன். பட்டைக்காக மெடிகேர் கொடுத்த 47 கோடி டாலரில் கிட்டத்தட்ட பாதி, மறு ஆபரேஷன்களுக்கே போயிருந்தது. ஒரு பெரிய நிறுவனம் தன் லேப் பேண்ட் வியாபாரத்தை 2013-ல் விற்றது. வாங்கியவர்களும் 2018-ல் கைமாற்றிவிட்டார்கள். 2019-ல் அமெரிக்காவில் நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் பட்டையின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. 2025-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் மூன்று முறைகளை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் கூடுதல் எடையில் பாதியாவது குறைத்தவர்கள் பைபாஸில் 68 சதவீதம், இரைப்பையை நீளவாக்கில் வெட்டும் ஸ்லீவ் முறையில் 41, பட்டையில் 25.

தவறு யாருடையது?

பட்டை தோற்றபோது பழி யார் மேல் விழுந்தது என்பதுதான் இந்தக் கதையில் யோசிக்க வேண்டிய இடம். "பட்டை ஒரு கருவிதான், உழைக்க வேண்டியது நீங்கள்" என்று ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே வாக்கியம், தோல்வி வந்தால் நோயாளியின் தலையில் கட்டவும் வசதியாக இருந்தது. எடை குறைந்தால் பட்டையின் வெற்றி, குறையாவிட்டால் ஆளின் தோல்வி!

1999-ல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா குழு கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தது. இரைப்பையிலிருந்துதான் அது அதிகம் சுரக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் டேவிட் கம்மிங்ஸ் குழு காட்டியது என்னவென்றால், பட்டினி கிடந்து இளைத்தவர்களுக்குக் கிரெலின் ஏறுகிறது. உடம்பு இழந்த எடையைத் திரும்பக் கேட்கிறது. தாடைக் கம்பியை எடுத்ததும் எடை ஏன் திரும்பியது என்பதற்கு இதில் பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. அது மன உறுதி இல்லாததால் மட்டும் வந்தது அல்ல.

ஸ்லீவ் முறை கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியையே வெட்டி எடுத்துவிடுகிறது. பைபாஸ் குடல் ஹார்மோன்களை மாற்றுகிறது. பட்டையோ இரைப்பையை முழுசாக விட்டுவிட்டு வாசலில் மட்டும் காவல் நிற்கிறது. வெட்டாததுதான் அதன் பெருமை. அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று.

2021 ஜூனில் எடைக் குறைப்புக்காக செமாக்ளூடைட் ஊசிக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. குடல் ஹார்மோன் ஒன்றைப் போலவே வேலை செய்து மூளைக்குப் "போதும்" என்று சொல்லும் மருந்து. குஸ்மாக் சிலிகானில் தேடியது இப்போது ஊசியில் வருகிறது. ஆனால் பழைய கேள்விகள் எதுவும் போகவில்லை. நிறுத்தினால் எடை திரும்புகிறது. "சுலப வழி" என்ற பழிச்சொல் அப்படியே ஆள் மாறி விழுகிறது. விளம்பரம் முன்னால் ஓடுகிறது, பராமரிப்பு பின்னால் நொண்டுகிறது.

பட்டை போட்ட பலர் இன்னும் அதோடு வாழ்கிறார்கள். ஊசி போட்டுச் சரிசெய்யத் தெரிந்த மருத்துவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சிலர் நிம்மதியாகச் சின்னத் தட்டில் சாப்பிட்டு, முப்பது நாற்பது கிலோ குறைந்து, சர்க்கரை மாத்திரையை விட்டு நன்றாக இருக்கிறார்கள். சிலர் பட்டையை எடுத்துவிட்டு வேறு ஆபரேஷனுக்குப் போனார்கள். இரண்டு கூட்டமும் ஒரே அளவுக்கு முயற்சி செய்தவர்கள்தான்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சமாகச் சாப்பிட்டால் "ஏன் இவ்வளவு கம்மி?" என்கிறோம். அதிகமாகச் சாப்பிட்டால் கண்ணாலேயே அளக்கிறோம். அவர் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். இந்தச் சிலிகான் வளையத்தின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாவிட்டாலும், இந்த ஒன்று போதும்.